பழைய குடும்பப் படத்தை மறுபடி பிரிண்ட் போடுகிறீர்களா? கறுப்பை அளக்க ஒரு கருவி இருக்கிறது

சொந்த ஊர் சித்தூர், திருப்பதி பக்கம். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. உங்கள் கதை இதுதான் என்றால், ஊர் வீட்டில் ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் அநேகமாக இருக்கும். கோட்டு போட்ட தாத்தா, பக்கத்தில் நாற்காலியில் பாட்டி. அல்லது மலையில் மொட்டை அடித்த கையோடு கீழே வந்து ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம்: குழந்தையின் தலையில் சந்தனம், பின்னால் கோயில் கோபுரம் வரைந்த திரை. அட்டையின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை தெலுங்கில் இருக்கலாம், தமிழிலும் இருக்கலாம். 1960 வரை திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்தப் படம் மஞ்சளடித்துக்கொண்டே போகிறது. ஸ்கேன் செய்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சித்தப்பா, அத்தை வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறீர்கள். ஒரே ஃபைலைச் சித்தூரில் ஒரு கடையிலும் திருப்பதியில் ஒரு கடையிலும் கொடுத்துப் பாருங்கள். ஒன்றில் தாத்தாவின் கோட்டும் பாட்டியின் கூந்தலும் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டாக வரும். இன்னொன்றில் கோட்டு சாம்பலாகி, முகம் பவுடர் அப்பியது மாதிரி இருக்கும். கேட்டால், "எங்க மானிட்டர்ல நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்கள். அது பொய்யும் இல்லை. ஆளுக்கொரு கண், ஆளுக்கொரு மானிட்டர், கடைக்கொரு ட்யூப்லைட். இதை வைத்து வாதாடினால் விடிய விடிய பேசலாம்.

இந்த வாதத்தை முடித்துவைக்கும் எண்ணுக்குப் பெயர் அடர்த்தி. கடைகளில் டென்சிட்டி என்பார்கள். அதை அளக்கும் கருவி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், பேச்சில் ‘ஸ்பெக்ட்ரோ’. அந்த எண்ணைச் சரியாகப் படிப்பது எப்படி, எந்த இடத்தில் அது நம்மை ஏமாற்றும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அடர்த்தி என்றால் என்ன?

ஒரு பரப்பின் மீது விழும் ஒளியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் அடிப்படை. பத்தில் ஒரு பங்கு திரும்பினால் அடர்த்தி 1. நூறில் ஒரு பங்கு என்றால் 2. பாதி திரும்பினால் 0.30. ஒளி குறையக் குறைய எண் ஏறும். இது லாக் கணக்கு. பிஹெச், டெசிபல் எல்லாம் படித்தவர்களுக்குப் பழகிய விஷயம்தான்: எண்ணில் ஒன்று கூடினால் ஒளி பத்து மடங்கு குறைந்திருக்கிறது.

இப்படி அளக்கலாம் என்று புகைப்படக் கலைக்குள் கொண்டுவந்தவர்கள் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வீரோ சார்லஸ் டிரிஃபீல்ட் என்ற இருவர். இங்கிலாந்தில் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், ஓய்வு நேரத்தில் படம் எடுத்தவர்கள். பிளேட்டில் விழுந்த ஒளிக்கும் அதில் படிந்த கறுப்புக்கும் என்ன உறவு என்று அளந்து, 1890-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அதுவரை கைப்பக்குவமாக இருந்த விஷயம் வரைபடத் தாளுக்கு வந்தது. இன்று பிரிண்டர் மென்பொருளில் நீங்கள் பார்க்கும் வளைகோடுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

நடைமுறையில் என்ன எண்கள் வரும்? வெறும் வெள்ளைத் தாளுக்கும் பூஜ்யம் வராது. 90 சதவீத ஒளியைத் திருப்பும் தாளுக்கு 0.05 அளவில் வரும். செய்தித்தாளின் கறுப்பு 1-ஐ ஒட்டித்தான் இருக்கும்; நாளிதழ்ப் படங்கள் சாம்பலாகத் தெரிவது அதனால்தான். மேட் தாளில் இங்க்ஜெட் கறுப்பு 1.6 முதல் 1.7 வரை போகும். நல்ல கிளாசி தாளில் 2.2-ஐத் தாண்டும்.

1.7-க்கும் 2.3-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். முதலாவது 2 சதவீத ஒளியைத் திருப்புகிறது, இரண்டாவது அரை சதவீதத்தை. நான்கு மடங்கு.

ஒரு சின்ன எச்சரிக்கை. தாளின் 0.05-ஐக் கழித்துவிட்டு எண் சொல்லும் பழக்கமும் உண்டு, கழிக்காமல் சொல்லும் பழக்கமும் உண்டு. இரண்டு கடை எண்களை ஒப்பிடும்போது, "பேப்பரைக் கழிச்சா, கழிக்காமலா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

ஸ்பெக்ட்ரோ செய்கிற வேலை

பழைய டென்சிட்டோமீட்டர் சில ஃபில்டர்கள் வழியாக ஒளியை வாங்கி நேரடியாக அடர்த்தியைச் சொல்லிவிடும். ஸ்பெக்ட்ரோ அதைவிட விவரமானது. பிரிண்ட் மேல் 45 டிகிரி சாய்வில் ஒளி பாய்ச்சி, நேர் மேலிருந்து பார்க்கும். கண்ணாடி போல எதிரொளிக்கும் பளபளப்பு கணக்கில் சேராமல் இருக்க இந்தச் சாய்வு. திரும்பி வந்த ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும். கடைகளில் பரவலாகத் தெரிந்த ஐ1ப்ரோ வகைக் கருவிகள் 380 முதல் 730 நானோமீட்டர் வரை, பத்துப் பத்தாக, 36 அளவுகள் தரும். அடர்த்தி என்பது அந்த 36 எண்களிலிருந்து போடும் ஒரு கணக்கு மட்டுமே.

கறுப்பு-வெள்ளைக்கு எதற்கு 36 எண்? இதை நானும் கேட்டிருக்கிறேன். பதில் ரொம்ப எளிது: நாம் கறுப்பு-வெள்ளை என்று சொல்லும் பிரிண்ட் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளையே இல்லை.

கல்யாண ஆல்பம் போடும் கலர் லேப் காகிதத்தில் கறுப்பு என்று தனியாக ஒரு சாயம் கிடையாது. சையன், மெஜென்டா, மஞ்சள் மூன்றும் சேர்ந்துதான் கறுப்பாக நடிக்கின்றன. மூன்றில் ஒன்று கொஞ்சம் சறுக்கினாலும் தாத்தா பச்சையாகவோ ஊதாவாகவோ மாறுவார். சாதாரண இங்க்ஜெட்டிலும் சாம்பல் நிறத்தைக் கலர் மைகளைக் கலந்து செய்வது உண்டு. கடையில் பகல் வெளிச்சத்தில் சரியாக இருந்த படம், வீட்டில் மஞ்சள் எல்இடி கீழே ஒரு சாயலோடு தெரியும் விந்தை இங்கிருந்துதான் வருகிறது. இந்தத் தொல்லைக்காகத்தான் கறுப்பையே மூன்று செறிவுகளில் வைக்கும் பிரிண்டர்கள் வந்தன. எப்சன் 2005-ல் கொண்டுவந்த கே3 மைகளில் உள்ள ‘3’ அந்த மூன்று கறுப்புகளைக் குறிப்பது: முழுக் கறுப்பு, இளங்கறுப்பு, இன்னும் இளங்கறுப்பு.

ஸ்பெக்ட்ரோ தரும் அளவிலிருந்து மூன்று எண்கள் கிடைக்கும்: எல், ஏ, பி. எல் என்பது வெளிச்சம், 0 முதல் 100 வரை. ஏ, பி இரண்டும் சாயல். ஏ கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை. பி கூடினால் மஞ்சள், குறைந்தால் நீலம். சாயலே இல்லாத சாம்பலுக்கு இரண்டும் பூஜ்யம். அடர்த்தியை மட்டும் பார்த்தால் பச்சைத் தாத்தா தப்பித்துவிடுவார். ஏ எண்ணைப் பார்த்தால் மாட்டிக்கொள்வார்.

கறுப்பு மையில் மட்டும் இல்லை

கறுப்பைப் பற்றி இந்த வட்டாரத்துக்குப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. திருப்பதியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது காளஹஸ்தி. முன்பு சித்தூர் மாவட்டம், 2022-ல் மாவட்டம் பிரிந்த பிறகு திருப்பதி மாவட்டம். கையால் எழுதும் கலம்காரித் துணி அந்த ஊர்ச் சொத்து. அதன் கறுப்புக் கோடுகள் எப்படி வருகின்றன தெரியுமா? துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க வைப்பார்கள். துணியை முன்கூட்டியே கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊற வைத்திருப்பார்கள். இரும்புக் கரைசல் கடுக்காயின் துவர்ப்போடு சேரும்போதுதான் கறுப்பு பிறக்கிறது. கடுக்காய் ஏறாத துணியில் அதே கரைசலால் கோடு போட்டால் துருக்கறைதான் மிஞ்சும்.

பிரிண்டரிலும் இதே நியாயம்தான். ஒரே மை, தாள் மாறினால் வேறு கறுப்பு. கிளாசி தாளுக்கான ‘போட்டோ பிளாக்’ மையை மேட் தாளில் அடித்தால் கறுப்பு வெளிறிப் போகும். மேட் தாளுக்கான மையைக் கிளாசியில் அடித்தால் சரியாக ஒட்டாமல் தேய்ந்துவரும். "மை ஜாஸ்தி வெச்சு அடிங்க" என்று சொல்வதிலும் பயன் இல்லை. ஓர் அளவுக்கு மேல் தாள் மையை வாங்காது. அடர்த்தி ஏறுவது நின்றுவிடும், சில மேட் தாள்களில் திரும்ப இறங்கவும் செய்யும். மை மட்டும் செலவாகும், தாள் நனைந்து நெளியும். அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடிப்பது ஸ்பெக்ட்ரோவின் முதல் வேலை.

எல்லோரும் பீற்றிக்கொள்ளும் எண், முகம் இருக்கும் எண்

ஒரு பிரிண்டில் கிடைக்கும் அதிகபட்ச அடர்த்தியை டி-மேக்ஸ் என்பார்கள். தாள் கம்பெனி விளம்பரம், பிரிண்டர் விளம்பரம் எல்லாவற்றிலும் இதுதான் முன்னால் நிற்கும். செல்போன் கேமராவுக்கு மெகாபிக்சல் மாதிரி. குடும்பப் படத்துக்கு இந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துதான் போவீர்கள் என்பது என் கருத்து. ஏனென்று சொல்கிறேன்.

நம் ஊர் ஸ்டூடியோ படங்களில் எல்லாவற்றையும்விட முக்கியமானது முகம். அந்த முகங்கள் முழுக் கறுப்பிலும் இல்லை, முழு வெள்ளையிலும் இல்லை. நடுச் சாம்பலில், அதற்குச் சற்று மேலும் கீழுமாக இருக்கின்றன. பார்வைக்கு நடுவில் உள்ள சாம்பல், அதாவது எல் 50, சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்புவது. போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் கிரே கார்டு அதுதான். அதன் அடர்த்தி 0.74 அளவு. டி-மேக்ஸ் 1.7-ஆ 2.3-ஆ என்று சண்டை போடும் இடத்துக்கும் தாத்தாவின் கன்னத்துக்கும் வெகுதூரம்.

அதனால் ஒரு புள்ளியை அளப்பதில் பயனில்லை; ஏணியை முழுக்க அளக்க வேண்டும். 21 கட்டங்கள் கொண்ட சாம்பல் பட்டை ஒன்றைப் பிரிண்ட் செய்வார்கள். மை 0 சதவீதம், 5, 10 என்று ஏறி 100 வரை. ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்பெக்ட்ரோவால் அளந்து எல் மதிப்பைக் குறிக்க வேண்டும். படிகள் கண்ணுக்குச் சம உயரத்தில் இருந்தால் ஏணி நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

விளக்கத்துக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். தாள் வெள்ளை எல் 96, முழுக் கறுப்பு எல் 16. அடர்த்தியில் 0.05, 1.68. அப்படியென்றால் நடுக் கட்டம், அதாவது 50 சதவீதம், எல் 56-ல் இருக்க வேண்டும். ஒரு கடையில் 56 வருகிறது. இன்னொரு கடையில் 44 வருகிறது. இரண்டு கடையிலும் டி-மேக்ஸ் அதே 1.68! விளம்பர எண்ணில் இருவரும் சமம். ஆனால் முதல் கடையின் நடுச் சாம்பல் 24 சதவீத ஒளியைத் திருப்புகிறது, இரண்டாவது கடையில் 14 சதவீதம்தான். தாத்தாவின் முகம் கிட்டத்தட்ட பாதி வெளிச்சத்தை இழந்துவிட்டது. கோட்டின் மடிப்பு, பாட்டியின் கூந்தல், பின்திரையின் நிழல் எல்லாம் கீழ்ப்படிகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றாகிவிடும்.

இந்த இடத்தில்தான் கடைகளில் வழக்கமான தவறு நடக்கும். முகம் இருட்டாக வந்துவிட்டது என்று கம்ப்யூட்டரில் ‘பிரைட்னஸ்’ ஏற்றுவார்கள். முகம் வெளுக்கும், கூடவே கறுப்பும் சாம்பலாகும், குழந்தைத் தலையின் சந்தனம் வெள்ளைத் தாளோடு கரைந்துபோகும். சிலர் முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுக்க வைப்பார்கள். ‘கலரா’ காட்டினால் வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார் என்ற எண்ணம். அந்தக் காலத்து ஸ்டூடியோ ஒளியில் உங்கள் பாட்டியின் நிறம் எப்படிப் பதிவானதோ, அது இந்தத் தலைமுறைப் பிரிண்டில் அழிந்துவிடும். பிரதி ஆறு வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டபின், அதுதான் பாட்டியின் முகம் என்று குழந்தைகள் நினைத்துக்கொள்வார்கள். பிரிண்டரின் கோளாறை முகத்தில் திருத்தக் கூடாது. ஏணியை அளந்து பிரிண்டரில் திருத்த வேண்டும்.

திருத்துவது எப்படி? 21 எண்களை மென்பொருளுக்குக் கொடுத்தால், எந்தக் கட்டத்தில் எவ்வளவு மை குறைக்க வேண்டும், கூட்ட வேண்டும் என்று அதுவே வளைகோடு போடும். கறுப்பு-வெள்ளைக்காரர்களிடம் பிரபலமான குவாட்டோன்-ரிப் இதைத்தான் செய்கிறது. ராய் ஹாரிங்டன் என்பவர் எழுதியது. கருவியைக் கணினியோடு பேச வைக்க ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளும் உண்டு. அளவுகள் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே வரும். எக்செல் தெரிந்தவர்கள் அதைத் திறந்து ஒரு கோடு வரைந்து பார்த்தால் போதும், ஏணி எங்கே வளைகிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

அளக்கும்போது எங்கே சொதப்பும்?

முதலில் ஈரம். பிரிண்டரிலிருந்து வந்த சூட்டோடு அளந்தால் ஒரு எண், மறுநாள் அளந்தால் வேறு எண். ஒரு நாள் காயவிட்டு அளப்பதே நல்லது. அவசரம் என்றால் எல்லாப் பிரிண்டையும் ஒரே அளவு நேரம் காயவைத்தாவது ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, கருவியில் எம்0, எம்1, எம்2, எம்3 என்று நான்கு அளவு முறைகள் இருக்கலாம். ஐஎஸ்ஓ 13655 தரநிலை வகுத்தவை. எம்0 பழைய பல்பு ஒளி. எம்1 புற ஊதாவும் சேர்ந்த பகலொளி. எம்2-ல் புற ஊதா வெட்டப்பட்டிருக்கும். எம்3-ல் போலரைசர் இருக்கும், மேற்பரப்பு மினுக்கத்தை அது விலக்கிவிடுவதால் அதே கறுப்பு கூடுதல் அடர்த்தியாகத் தெரியும். ஒரு கடை எம்3-லும் இன்னொரு கடை எம்0-லும் அளந்துவிட்டு, "எங்க கறுப்புதான் ஜாஸ்தி" என்றால் அந்தப் போட்டி செல்லாது. சலவைக்கு நீலம் போடுவது போலத் தாளை வெள்ளையாகக் காட்ட ஒளிரும் ரசாயனம் சேர்த்திருந்தால், எம்1-க்கும் எம்2-க்கும் தாள் வெள்ளையிலேயே வித்தியாசம் தெரியும். இப்படி ஒரு வித்தியாசம் தெரிந்தால் அதுவே ஒரு தகவல்: அந்த ரசாயனம் வருடங்கள் போகப் போகச் செயலிழக்கும், தாள் மஞ்சளாகத் தெரியும்.

தாள் மெல்லியது என்றால் அடியில் என்ன இருக்கிறது என்பதும் எண்ணை மாற்றும். கறுப்பு அட்டை வைத்து ஒரு முறை, வெள்ளைத் தாள் வைத்து ஒரு முறை அளந்தால் வெளிர் கட்டங்களில் எண் நகரும்.

நம் ஊர்க் கடைகளுக்கே உரிய ஒன்று லேமினேஷன். அளந்து, திருத்தி, அழகாகப் பிரிண்ட் போட்டுவிட்டு மேலே லேமினேஷன் ஒட்டுவார்கள். மேட் பிரிண்ட் மேல் கிளாசி ஒட்டினால் கறுப்பு ஏறும். கிளாசி மேல் மேட் ஒட்டினால் இறங்கும். லேமினேஷன் போடுவதாக இருந்தால் 21 கட்டப் பட்டைக்கும் அதையே ஒட்டி, அதற்குப் பிறகு அளக்க வேண்டும்.

கறுப்பின் அடிப்படியில் ஒரே ஒரு அளவை நம்ப வேண்டாம். அரை சதவீத ஒளியை அளக்கும்போது கருவியில் சின்னச் சறுக்கல்கூட எண்ணைத் தூக்கிவிடும். மூன்று நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுப்பது வழக்கம்.

இன்னொன்று: பழைய மூலப்படத்தின் மேல் கருவியை வைத்து இழுக்கவே கூடாது. அந்தப் பரப்பு கீறினால் திரும்பாது.

மூலப்படத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்க வேண்டும்?

மங்கிய மூலப்படத்தின் கறுப்பு இன்று வெறும் 1.4 என்று வைத்துக்கொள்வோம். பிரிண்டும் 1.4 ஆக இருக்க வேண்டுமா, படம் புதிதாக இருந்த காலத்துக் கறுப்புக்கு ஏற்ற வேண்டுமா? நல்ல கிளாசி வெள்ளி உப்புக் காகிதத்தில் புதுப் படத்தின் கறுப்பு 2-ஐத் தாண்டி இருந்திருக்கும். இது அளவுக் கருவி சொல்லும் பதில் இல்லை, நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. ஆவணக் காப்பகம் என்றால் இன்றிருக்கும் நிலையை அப்படியே பதிவு செய்வார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழிவிலுள்ள ஆவணங்கள்’ திட்டத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித்தேடி டிஜிட்டலாக்கியது இந்த வகை வேலை. ஈரப்பதமும் அலட்சியமும் சேர்ந்து படங்களைத் தின்றுகொண்டிருந்த நிலையில் செய்யப்பட்டது. வீட்டுச் சுவருக்கு வேறு நியாயம். என்னைக் கேட்டால், ஃபைலில் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்: தொடாத ஸ்கேன் ஒன்று, கறுப்பை மீட்டது ஒன்று. பழுப்புச் சாயல் வேண்டும் என்றால் கடையில் ‘செபியா’ பொத்தானை அழுத்தவிடாமல், மூலப்படத்தின் ஏ, பி எண்களுக்கு அருகில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூலத்தைத் தொடாமல் ஸ்கேனிலிருந்தே அந்த எண்களை ஓரளவு எடுக்கலாம்.

கருவி இல்லாத கடை என்றால்?

தொழில்முறை ஸ்பெக்ட்ரோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். எல்லா லேப்பிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இருந்தும் அலமாரியில் தூங்குவதும் உண்டு. நீங்கள் வாங்க வேண்டியதில்லை. பெரிய பிரிண்ட் ஆர்டர் கொடுப்பதற்கு முன், அதே தாளில், அதே மெஷினில், உங்கள் படத்தின் ஒரு துண்டையும் 21 கட்டப் பட்டையையும் சின்ன அளவில் அடித்துத் தரச் சொல்லுங்கள். செலவு ஒரு சின்ன பிரிண்டுக்கான காசு. வெறும் கண்ணாலேயே இரண்டு விஷயம் பார்க்கலாம்: கடைசி நான்கு கறுப்புக் கட்டங்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா? முதல் மூன்று வெளிர் கட்டங்கள் தாளிலிருந்து பிரிகின்றனவா? பிறகு ஜன்னல் பக்கம் பகலிலும், ராத்திரி வீட்டு விளக்கிலும் பட்டையைப் பாருங்கள். சாம்பல் நிறம் மாறினால் அது கலர் மையில் செய்த கறுப்பு.

வீட்டில் ஃபிளாட்பெட் ஸ்கேனர் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இரண்டு கடைப் பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஸ்கேனாக எடுங்கள். கிடைப்பது உண்மையான அடர்த்தி கிடையாது, ஆனால் எந்தப் பட்டையின் நடு இருட்டாக இருக்கிறது என்று எண்ணாகத் தெரியும். செல்போன் கேமரா இதற்கு உதவாது. ஒவ்வொரு கிளிக்கிலும் அது தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்யும்.

ஸ்பெக்ட்ரோ உள்ள லேப் கிடைத்தால் கேட்க வேண்டிய எண்கள் குறைவுதான்: தாள் வெள்ளையின் எல், முழுக் கறுப்பின் அடர்த்தி, நடுக் கட்டத்தின் எல், அதே கட்டத்தின் ஏ, பி. கூடவே எந்த முறையில் அளந்தது, எம் எத்தனை. இந்த ஒரு வரியைத் தேதியோடு பிரிண்ட்டின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள், பேனா வேண்டாம், மை ஊறும். பட்டையையும் ஒரு கவரில் போட்டு ஃப்ரேமின் பின்னால் ஒட்டிவையுங்கள். ஐந்து வருடம் கழித்து நடுக் கட்டத்தை மறுபடி அளந்தால், படம் மங்குகிறதா என்பதை அத்தையின் ஞாபகத்திடம் கேட்க வேண்டியிருக்காது.